கணக்கு உரிமையாளர் காலமானால்

தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை பெனிட்டா கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்வாள். கோப்பின் பெயர், கம்பெனியின் சாவி எண், போக வேண்டிய இடம். என்டர் தட்டினால் சதவீதம் ஏறும். நூறைத் தொட்டதும் ‘பெறப்பட்டது’ என்று வரும். ஒரு மணி நேரத்துக்குள் ‘ஏற்கப்பட்டது’ என்று வந்துவிடும். அதற்குள் அவள் மாடியிலிருந்து இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பாள். ஐந்து வருஷமாக இதில் ஒரு தடவைகூடச் சிக்கல் வந்ததில்லை.

அந்த ஒரு வரியால் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள்.

செயலியின் பெயரே ‘நடை’தான். நாகர்கோவிலில் செட்டிகுளம் பக்கம் ஒரு மாடியில் இயங்கிய ஒன்பது பேர் கம்பெனி அதை உருவாக்கியது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைக்குள் மெல்லிய கம்பியை வைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டியைப் புதைப்பார்கள். கம்பியில் எந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று கணக்குப் போடுவது பெட்டியல்ல, சட்டைப்பையிலிருக்கும் போன். போனில் ‘நடை’ ஓடும்வரை அவர்கள் சாப்பிடுவார்கள், பஸ் ஏறுவார்கள், சண்டை போடுவார்கள். செயலி நின்றால் பெட்டி குறைந்தபட்ச நிலைக்குப் போய்விடும். உயிர் போகாது. ஆனால் உடம்பு மரக்கட்டையாகிவிடும்.

கம்பெனியை ஆரம்பித்தவர் தாணுமாலயன். இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்தியவர். நாற்பத்தொன்பது வயதில் சாக்பீஸ் பிடித்த கை நடுங்க ஆரம்பித்தது. ஐம்பத்து மூன்றில் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. தனக்கென்று எழுதத் தொடங்கிய செயலி அது; முதல் பயனாளரும் அவர்தான். இப்போது அறுபத்து நாலு வயதில் தினமும் காலையில் வடசேரி வீட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்தே வருவார். வந்ததும் எல்லோருடைய மேசைக்கும் போய் நின்று ஏதாவது கிண்டல் செய்யாமல் உட்கார மாட்டார். போனுக்குச் செயலிகள் வந்து இறங்கும் ஸ்டோரில் கம்பெனியின் கணக்கு அவர் பெயரில் இருந்தது.

போனில் எந்தச் செயலியும் ஸ்டோர் வழியாக மட்டுமே வர வேண்டும், தொண்ணூறு நாளில் காலாவதியாக வேண்டும் என்று சட்டம் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. யாரோ எங்கோ ஒரு பழைய செயலிக்குள் புகுந்து லட்சக்கணக்கானவர்களின் போனைக் கைப்பற்றியதால் வந்த சட்டம். நல்லதுக்குத்தான் போட்டார்கள். வந்து குவியும் செயலிகளை மனிதர்களால் பார்த்து முடிக்க இயலாது என்பதால், பரிசீலனை முழுவதையும் ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். நாளாக ஆக, அந்த வேலையில் மனிதர்களே இல்லாமல் போனார்கள்.

வழக்கமாக பெனிட்டா ஒரு வாரம் முன்கூட்டியே பதிவேற்றிவிடுவாள். இந்த முறை தங்கைக்கு வளைகாப்பு. குலசேகரத்தில் நாலு நாள் தங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் அந்த வரியைத் தட்டினாள். காலாவதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு நாள் தாராளம் என்றுதான் நினைத்தாள்.

‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது. சாயங்காலமும் அதேதான். புதன்கிழமை முழுக்க அதேதான். மூன்று தடவை அவசர விண்ணப்பம் போட்டாள். மூன்றுக்கும் ‘உங்கள் விண்ணப்பம் வரிசையில் உள்ளது’ என்ற ஒரே பதில்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குப் பழைய செயலி காலாவதியானது. அதே ஐந்தரைக்கு ஸ்டோரின் புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து முப்பத்தொன்றுக்கு பெனிட்டாவின் போனில் பதில் வந்தது: ‘மறுக்கப்பட்டது. கணக்கு உரிமையாளர் புதிய ஒப்பந்தத்தை நேரில் ஏற்க வேண்டும்.’

அவள் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரசாக் ஏற்கெனவே இரண்டு போன்களில் மாறிமாறிப் பேசிக்கொண்டிருந்தான். நோயாளிகளின் குடும்பங்களுக்குப் பதில் சொல்வது அவன் வேலை.

“சிவகாசியிலிருந்து கோமதியோட வீட்டுக்காரர்,” என்று ஒரு போனின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னான். “பாத்ரூம்ல அப்படியே நின்னுட்டாங்களாம். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். உடைக்கவான்னு கேக்கார். என்ன சொல்லட்டும்?”

“உடைக்கச் சொல்லு.”

“எப்ப சரியாகும்னு கேக்கார் பெனி.”

“இன்னைக்கு,” என்றாள் அவள். 

“டாக்டர்கிட்ட இருக்கிற மிஷினை வெச்சு மின்சாரத்தைக் கூட்ட முடியாதா?”

“அந்த மிஷினும் அதே ஸ்டோர்ல இருக்கிற நம்ம செயலிதான ரசாக். அதுவும் அஞ்சரைக்கே செத்துப்போச்சு.”

“வேற பேர்ல புதுசா ஒரு கணக்கு தொறந்தா?”

“மருத்துவக் கணக்குக்கு ஆறு மாசம் சரிபார்ப்பாங்க.” லேப்டாப்பைப் பைக்குள் திணித்தாள். “சார் முகத்தைக் காமிச்சா முடிஞ்சுது. நான் வீட்டுக்குப் போறேன்.”

ஸ்கூட்டரில் பாதி தூரம் போன பிறகுதான் சாரின் போனிலும் அதே செயலிதான் இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது.

தாணுமாலயனின் மனைவி பகவதி கதவைத் திறந்தாள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எதற்கும் பதறாதவள் என்று பெயர் வாங்கியவள். “வா மக்ளே,” என்று மட்டும் சொன்னாள்.

அவர் சாப்பாட்டு மேசையருகே நாற்காலியில் இருந்தார். இருந்தார் என்பதைவிட வைக்கப்பட்டிருந்தார் என்று சொல்லலாம். வலதுகை மடியில் அரைகுறையாக மடங்கி நின்றிருந்தது. முகத்தில் எதுவுமே இல்லை. கண்கள் மட்டும் பெனிட்டா உள்ளே வந்த திசையில் திரும்பின.

“பழைய மாத்திரை ஒண்ணு பாக்கி இருந்துது. ஆறு மணிக்குக் கொடுத்தேன்,” என்றாள் பகவதி. “ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடுவார். இல்லைன்னா ரெண்டு. அவ்வளவுதான் வருது.”

பெனிட்டா லேப்டாப்பை அவர் முன்னால் வைத்துக் கேமராவைச் சரிசெய்தாள். திரையில் ஒரு வட்டமும், அதற்குள் அவர் முகமும் தெரிந்தன. கீழே எழுத்துகள் வந்தன.

‘வலப்பக்கம் திரும்பவும்.’

பகவதி பின்னால் நின்று இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். ‘பிறர் உதவியின்றித் திரும்பவும்’ என்று வந்தது.

‘புன்னகைக்கவும்.’

அவர் முயன்றார். முயல்கிறார் என்பது கழுத்து நரம்பு புடைத்ததில் தெரிந்தது. முகம் அசையவில்லை. பத்து நொடி எண்ணி முடித்து, இயந்திரம் எழுதியது: ‘நபர் உயிருடன் இருப்பதற்கான அசைவு போதவில்லை.’

மாத்திரை கொஞ்சம் வேலை செய்யட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பகவதி அவர் கன்னத்தில் எண்ணெய் தடவி, பிள்ளைக்குத் தடவுவதுபோல் உருவிக்கொண்டே இருந்தாள். மறுபடி முயன்றார்கள். மூன்றாவது தடவை உதட்டோரம் ஒரு இழை துடித்தது. பெனிட்டா தன்னையறியாமல் “அப்படித்தான் சார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கத்திவிட்டாள். வட்டம் சிவப்பானது. மூன்று வாய்ப்புகளும் முடிந்திருந்தன.

மனிதர் யாரிடமாவது பேச வேண்டும் என்று எழுதிப் பார்த்தாள். ‘இந்தக் கணக்குக்கு அந்த வசதி இல்லை’ என்று பதில் வந்தது. சென்னையில் சுகாதாரத் துறை அதிகாரி ஒருவரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். “புரியுதும்மா. ஆனா ஸ்டோர் எங்க கட்டுப்பாட்டுல வராது. எழுத்து மூலமா கொடுங்க, நான் மேல அனுப்புறேன்,” என்றார். மேலே என்றால் எங்கே என்று அவருக்கே தெரியவில்லை என்பது குரலில் தெரிந்தது.

நடுவில் ரசாக் இரண்டு தடவை கூப்பிட்டான். கோமதியைக் கதவை உடைத்துத் தூக்கி வந்து படுக்க வைத்துவிட்டார்களாம். தென்காசியில் ஒரு பெரியவருக்கு வாயில் ஊற்றிய கஞ்சி மூச்சுக்குழாயில் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். “மதியத்துக்குள்ள ஏதாவது பண்ணு பெனி. திட்டினாக்கூடப் பரவாயில்லை, யாரும் திட்ட மாட்டேங்கறாங்க, அழத்தான் செய்றாங்க,” என்றான்.

அவள் திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, பதினாலு நாள் கழித்து மீண்டும் முயலலாம். இரண்டு, உரிமையாளர் தன் முகத்தைக் காட்டி வேறொருவருக்குக் கணக்கை மாற்றித் தரலாம். மூன்றாவது வரியை அவள் மனதுக்குள்தான் படித்தாள். ஆனால் திரை அவருக்கும் எதிரே இருந்தது.

“மூ...” என்று ஒரு சத்தம் கேட்டது. காற்று மட்டும்தான், குரல் இல்லை. பகவதி குனிந்து அவர் வாயருகே காதை வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

“மூணுன்னு சொல்லுகார்.”

மூன்றாவது வரி இது: ‘கணக்கு உரிமையாளர் காலமானால், அவருடைய வாழ்க்கைத் துணை நேரில் உறுதியளித்து, கணக்கைக் கம்பெனியின் இன்னொரு அலுவலருக்கு மாற்றலாம்.’

“வேண்டாம் சார்,” என்றாள் பெனிட்டா. “பதினாலு நாள்ல மாத்திரையைக் கூட்டி, மறுபடி...”

அவர் இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

“இது பொய் சார். நாளைக்குக் கண்டுபிடிச்சா?”

மறுபடியும் இரண்டு தடவை. பிறகு கண்களை மெல்ல நகர்த்தி மனைவியைப் பார்த்தார். பகவதியும் அவரைப் பார்த்தாள். முப்பத்தேழு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் அந்தப் பார்வையில் என்ன பேசினார்கள் என்பது பெனிட்டாவுக்குத் தெரியாது. நெடுநேரம் பேசினார்கள் என்பது மட்டும் தெரிந்தது. கடைசியில் அவர் ஒரு தடவை கண்ணை மூடினார். பகவதி உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

“பொட்டை எடுக்கணுமா மக்ளே?”

“வேண்டாம்க்கா. மிஷினுக்கு அதெல்லாம் தெரியாது.”

வட்டத்துக்குள் அவள் முகம் வந்தது. வலம் திரும்பச் சொன்னது, திரும்பினாள். திரையில் வரும் வாக்கியத்தை உரக்கப் படிக்கச் சொன்னது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் வாசித்துக் காட்டிய குரலில், பகவதி ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்: “என் கணவர் தாணுமாலயன் இன்று இறந்துவிட்டார். இது உண்மை.” ‘இறந்துவிட்டார்’ என்ற இடத்தில் குரல் உடைந்தது. அவளுக்கு இரண்டடி தள்ளி, கேமராவுக்குப் படாத இடத்தில், அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பொய் சொல்பவர்களின் முகத்தை அந்த இயந்திரம் கண்டுபிடித்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். 

‘சரிபார்க்கப்பட்டது. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.’

அடுத்து புதிய உரிமையாளரின் முகம். பெனிட்டா உட்கார்ந்தாள். இடம் திரும்பினாள், வலம் திரும்பினாள். ‘புன்னகைக்கவும்’ என்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு புன்னகைத்தாள். அதற்கு அது போதுமானதாக இருந்தது.

சாப்பாட்டு மேசையிலேயே கறுப்புத் திரையைத் திறந்து அந்த வரியைத் தட்டினாள். சாவி எண் மட்டும் இப்போது அவளுடையது. நூறு சதவீதம். பதினொரு நிமிடத்தில் ‘ஏற்கப்பட்டது’.

ஒன்றே முக்காலுக்கு ரசாக் கூப்பிட்டான். அவனுக்கு மூச்சு வாங்கியது. “வந்துட்டு பெனி! கோமதி எந்திரிச்சுட்டாங்களாம். அந்தாளு போன்ல அழுகார். ஈரோடு வந்துட்டு, மதுரை எல்லாம் வந்துட்டு. தென்காசிப் பெரியவர் கையை ஆட்டுதாராம். சார் எப்படி இருக்கார்? சார்கிட்டக் கொடு!”

பெனிட்டா அவருடைய போனை எடுத்தாள். புதிய ‘நடை’ தானாகவே வந்து இறங்கியிருந்தது. தொட்டாள். திறந்தது. வெள்ளைத் திரையில் இரண்டு வரி.

‘இந்தப் பயனர் உயிருடன் இல்லை. கருவி திறக்கப்படாது.’

தன் போனில் இறக்கி அவருடைய நெஞ்சருகே கொண்டுபோனாள். அதே இரண்டு வரி. பகவதியின் போனிலும் அதேதான். பெட்டியின் எண் அவருடைய அடையாளத்தோடு கட்டப்பட்டிருந்தது, அடையாளம் இறந்துவிட்டிருந்தது. புதைக்கும் முன்னும் எரிக்கும் முன்னும் உடம்பிலிருந்து பெட்டியைத் திருடி வேறொருவருக்குப் பொருத்திவிடும் கும்பல்கள் இருந்த காலத்தில், இறந்தவரின் பெட்டி எந்த நாளும் திறக்கக் கூடாது என்று செயலிக்குள் ஒரு விதியை எழுதினார்கள். எழுதியது யார் என்று பெனிட்டாவுக்கு நினைவு வந்தது. அவள் சேர்வதற்கு முன்பே, தாணுமாலயன் தன் கையால் எழுதிய பகுதி அது.

அவள் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா சார்? மூணுன்னு சொன்னப்பவே தெரியுமா?”

அவர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

“அக்கா, உங்களுக்கு?”

பகவதி அவர் கையின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே பெனிட்டா அந்த விதியை எடுத்துவிட்டு இன்னொரு பதிப்பைத் தயாரித்துப் பதிவேற்றினாள். இயந்திரம் மறுத்துவிட்டது. ‘பாதுகாப்பு அம்சத்தை நீக்கும் செயலிகள் ஏற்கப்படமாட்டா.’ அவர் ஒருவருக்கு மட்டும் விலக்கு கேட்டாள். ‘இறந்தவருக்கு விலக்கு பொருந்தாது.’ பத்து நாளில் முப்பத்தொரு தடவை பதிவேற்றினாள். பெட்டியையே மாற்றலாமா என்று திருவனந்தபுரத்து டாக்டரிடம் கேட்டார்கள். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, நுரையீரலில் சளி கட்ட ஆரம்பித்திருக்கிறது, மயக்க மருந்தைத் தாங்க மாட்டார், முதலில் அது தெளியட்டும் என்றார்.

பதினோராவது நாள் ஸ்டோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘காலமானவரின் இறப்புச் சான்றிதழை, அறிவித்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் பதிவேற்றவும். தவறினால் கணக்குப் பரிமாற்றம் ரத்தாகும்.’

ரசாக் அதை இரண்டு முறை படித்தான். “மாநகராட்சியில எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்...” என்று ஆரம்பித்து, பெனிட்டாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மாநகராட்சிப் பதிவும் இப்போதெல்லாம் டாக்டரின் முகத்தைக் கேட்கும் என்பது அவனுக்கும் தெரியும்.

அதன்பிறகு அந்த ஆபீசில் யாரும் தேதியைப் பற்றிப் பேசவில்லை. அவர் இறந்தால் தேவலை என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் முப்பது நாள் என்பதை யாரும் மறக்கவும் இல்லை. பெனிட்டா தினமும் வேலை முடிந்து வடசேரிக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று ஆபீசில் நடந்ததைச் சொல்வாள். கோமதி தன் மகளைப் பள்ளிக்கூடம் கொண்டுவிடும் வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தாள். அதை மூன்று முறை போட்டுக் காட்டச் சொன்னார், கண்ணால்.

இருபத்து ஏழாவது நாள் பிற்பகலில், பகவதி ஸ்பூனில் இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் இறந்தார். விழுங்க முடியாத உடம்பில் நிமோனியா வந்தால் நிற்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் சான்றிதழ் கையில் வந்தது. பகவதியே அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறி ஆபீசுக்கு வந்தாள். அவருடைய நாற்காலியில் உட்காராமல் ரசாக்கின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பெனிட்டா சான்றிதழைப் படமெடுத்து, கறுப்புத் திரையைத் திறந்து, செயலிக்குத் தட்டும் அதே மாதிரி ஒரு வரியைத் தட்டினாள். கோப்பின் பெயர், சாவி எண், போக வேண்டிய இடம். சதவீதம் ஏறி நூறைத் தொட்டது.

‘ஏற்கப்பட்டது’ என்று வரவில்லை. ஒரு கேள்வி வந்தது.

‘அறிவிக்கப்பட்ட இறப்புத் தேதிக்கும் சான்றிதழிலுள்ள தேதிக்கும் இருபத்தேழு நாள் வேறுபாடு உள்ளது. சான்றிதழ் தேதி சரியெனில், பரிமாற்றம் செல்லாது. அதன்கீழ் வெளியான செயலிகள் உடனே நிறுத்தப்படும். அறிவித்த தேதி சரியெனில், வேறுபாடு பதிவாளரின் பிழையாகக் கருதப்பட்டு, பரிமாற்றம் நீடிக்கும். அவர் எந்தத் தேதியில் இறந்தார்?’

கீழே தேதி எழுதுவதற்கான இடத்தில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

பெனிட்டா இருபத்தேழு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சூடு இருந்த கையைப் பிடித்திருந்தாள். அவர் கண்ணால் கேட்டதையெல்லாம் போட்டுக் காட்டியிருந்தாள். அதில் ஒரு நாள்கூட நடக்கவில்லை என்று இப்போது அவள் எழுத வேண்டும்.

“அக்கா, என்ன போடட்டும்?”

பகவதி திரையிலிருந்த கேள்வியை மெதுவாக, கடைசிச் சொல் வரைக்கும் படித்தாள்.

“வியாழக்கிழமைன்னு போடு மக்ளே,” என்றாள். “அன்னைக்கு நான் படிச்சப்போ, பக்கத்துலயிருந்து அவரு கேட்டுட்டுத்தானே இருந்தாரு. இல்லைன்னு சொல்லலியே.”

பெனிட்டா அந்த வியாழக்கிழமையின் தேதியைத் தட்டி, என்டரை அழுத்தினாள்.